மூலையில் நின்ற கப்பல்கள்

நான் படித்தது பிரெஞ்சு வழியில். தப்பு செய்த பையனைப் பார்த்து எங்கள் முசியே "ஓ பிக்கே!" என்பார். வகுப்பின் மூலையில் போய் நிற்க வேண்டும், அவர் போதும் என்று சொல்லும்வரை. சில நாள் சொல்ல மறந்துவிடுவார். மணி அடிக்கும்வரை நின்றதுண்டு.

ஆங்கிலத்தின் 'பிக்கெட்' அதே சொல்லிலிருந்து போனதுதான். 'ரேடார் பிக்கெட்' என்று ஒரு வகைக் கப்பல் இருந்தது. வெகுதூரம் முன்னால் போய்த் தனியாக நின்று, எதிரி விமானம் வருவதை ரேடாரில் பார்த்து முன்கூட்டியே சொல்வது அதன் வேலை. 1945-ல் ஒக்கினாவா தீவைச் சுற்றி அமெரிக்கர்கள் இப்படிக் கப்பல்களை நிறுத்தினார்கள். ஜப்பானியத் தற்கொலை விமானங்கள் அவற்றின்மேல் வந்து விழுந்தன. லாஃபி என்ற ஒரு கப்பலில் மட்டும் 32 பேர் இறந்தார்கள்.

போருக்குப் பிறகு சோவியத் குண்டுவீச்சு விமானங்களைப் பற்றிய பயம் வந்தது. அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களுக்குத் துணையாகப் போவதற்காகப் போர்க்காலத்தில் கட்டிய எட்சால் வகைக் காவல் கப்பல்களில் முப்பதுக்கும் மேற்பட்டவற்றை, 1950-களில் ரேடார் கப்பல்களாக மாற்றினார்கள். அவற்றின் வேகம் 21 நாட்தான். ஆனால் டீசல் எஞ்சின் என்பதால் நெடுந்தூரம் தாங்கும். காவல் நிற்பதற்கு அது போதுமே! டார்பிடோக் குழாய்களைக் கழற்றிவிட்டு, கனம் குறைந்த அலுமினியத்தில் அறைகள் கட்டி, ரேடார்களை ஏற்றினார்கள். பழையதைக் காயலான் கடைக்குப் போடாமல், அதற்கு எந்த வேலை பொருந்தும் என்று பார்த்துக் கொடுத்தது நல்ல புத்தி. அதில் எனக்கு மறுப்பில்லை.

என் குறை வேறு. 1956 முதல் நியூஃபவுண்ட்லாந்துக்கும் அசோர்ஸ் தீவுகளுக்கும் நடுவே காவல் வரிசை. பிறகு பசிபிக்கிலும் அதேபோல் ஒன்று. 306 அடி நீளக் கப்பலில், வட அட்லாண்டிக் குளிர்காலத்தில், இளைஞர்கள் வராத விமானத்துக்காகக் காத்திருந்தார்கள். 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் மேலே போனது. அதை ஏற்றிச் சென்ற வகை ராக்கெட், கண்டம் தாண்டி அணுகுண்டையும் கொண்டுபோகக் கூடியது. அது வந்தால் கடல் நடுவில் நிற்கும் இந்தக் கப்பலால் என்ன செய்ய முடியும்? ஆனாலும் 1965-ல்தான் காவலை முழுதாகக் கலைத்தார்கள்.

விமானங்களும் இருந்தனவே, உடனே எப்படி நிறுத்துவது என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஓரிரண்டு வருஷம் பொறுத்துப் பார்க்கலாம். எட்டு வருஷமா?

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? நான் பதினோரு வருஷம் மாதாமாதம் ஒரு 'நில் ரிப்போர்ட்' அனுப்பியவன். எந்தத் திட்டத்துக்காக அதைக் கேட்டார்களோ, அந்தத் திட்டமே முடிந்துபோயிருந்தது. எனக்கும் தெரியும். உத்தரவை யாரும் ரத்து செய்யவில்லை, நானும் கேட்கவில்லை. என் நாற்காலிக்கு அடுத்து வந்த பெண் முதல் மாதமே போனில் கேட்டாளாம், "சார், இது இன்னும் வேணுமா?" வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு நிமிஷ வேலை.

நான் வீணாக்கியது காகிதம். அங்கே வீணானது மனிதர்களின் இளமை. ஒருவரை மூலையில் நிறுத்தும் உத்தரவு எதுவானாலும், அதை எந்தத் தேதியில் திரும்பப் பார்க்க வேண்டும் என்று அதிலேயே எழுதிவிட வேண்டும். நிறுத்தியவருக்கு மறந்துபோகும். நிற்பவர் கேட்கமாட்டார்.