பழக்கத்தை மாற்றுமுன் வழியைத் திறவுங்கள்!

மக்கள் தம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று உபதேசிப்பது எளிது. பெற்றோல் மோட்டார்ச் சைக்கிளை விட்டு மின்சாரத்தால் ஓடும் சைக்கிளுக்கு மாறுங்கள். நாட்டின் அந்நியச் செலாவணி மிஞ்சும், காற்றும் தூய்மையடையும் என்று அறிஞர் கூறுகின்றனர். கூற்றில் பிழை இல்லை. இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார்ச் சைக்கிள்களே. அவற்றுள் ஒரு பகுதி மாறினாலும் பயன் பெரிது. ஆயினும் பதுளையிலும் ஊவாவின் தோட்டங்களிலும் வாழும் எம் மக்களிடம் இவ்வுபதேசம் வரும்போது நாம் ஒன்றைக் கேட்டே ஆகவேண்டும். மாறவேண்டியது மக்களின் மனமா, அவர்களைச் சூழ்ந்து நிற்கும் நிலைமையா?

மனிதரின் நடத்தையை மாற்றும் வழிகளை ஆராய்வது இன்று தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. சூசன் மிச்சியும் அவர் சகாக்களும் 2011 இல் வெளியிட்ட ஆய்வின் சாரம் இது: எச்செயலுக்கும் செய்யும் ஆற்றல், செய்வதற்கான வாய்ப்பு, செய்யத் தூண்டும் ஊக்கம் ஆகிய மூன்றும் வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிடினும் செயல் நிகழாது. சட்டம் பயின்றோருக்கு இது புதுமையன்று. வழக்காட உரிமை உண்டென்று கூறிவிட்டு நீதிமன்றக் கதவைப் பூட்டி வைத்தால், அவ்வுரிமையால் யாருக்கு என்ன பயன்?

வாய்ப்பைக் கொடுத்தால் மக்கள் மாறுவர் என்பதற்குப் பிற நாடுகளில் சான்று உண்டு. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் 80 ஊழியர்களிடம் மின்சாரச் சைக்கிள்களைக் கொடுத்து, ஆறு முதல் எட்டு வாரங்கள் வைத்திருக்கச் செய்தனர். நான்கில் மூவர் வாரம் ஒரு முறையேனும் ஓட்டினர்; அவர்களது கார் ஓட்டமும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. சுவிற்சலாந்தில் கார்ச் சாவியை ஒப்படைத்தவர்களுக்கு இரு வாரங்களுக்கு இலவசமாக மின்சாரச் சைக்கிள் வழங்கப்பட்டது. ஓராண்டு கழிந்த பின்னரும் அவர்களிடம் கார்ப் பழக்கம் தளர்ந்தே இருந்தது. பிரசங்கத்தால் ஆகாததைக் கையில் கொடுத்த வண்டி செய்தது.

நம் நாட்டில் நடந்தது என்ன? பழக்கம் முறிவதற்கு ஏற்ற வேளை 2022 இல் தானாகவே வந்தது. அவ்வாண்டு ஜூன் இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவானது. இரவும் பகலும் மக்கள் வரிசையில் கிடந்தனர். பின்னர் கியூஆர் முறை வந்தபோது மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றரே தொடக்கத்தில் கிடைத்தது. அன்று மின்சார வண்டி வேண்டாம் என்றவர் எவருமிலர். ஊக்கம் கரைபுரண்டு ஓடியது. ஆனால் 2020 மார்ச்சு முதல் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தது. வெளிநாட்டில் உழைத்து டொலர் அனுப்பியோருக்கென ஒரு சிறு வாசல் திறக்கப்பட்டது. தேயிலை மலையில் உழைத்து நாட்டுக்கு டொலர் ஈட்டித் தந்தவருக்கு அவ்வாசலும் திறக்கவில்லை. 2025 பெப்ரவரியில் கதவு திறந்தபோது மக்கள் பழைய வழிக்கே திரும்பிவிட்டனர். குற்றம் மக்களின் மனத்திலா?

மலைநாட்டு ஏற்றத்தில் மின்சார வண்டி ஏறாது என்று சிலர் அச்சுறுத்துகின்றனர். கணக்கைப் பார்ப்போம். பதுளை கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. பண்டாரவளை சுமார் 1,200 மீற்றர். இருவரையும் வண்டியையும் சேர்த்து 200 கிலோகிராம் என்று கொண்டால், அப்பாரத்தை இந்த 520 மீற்றர் உயர்த்தக் கால் யூனிட்டுக்குச் சற்று மேற்பட்ட மின்சாரமே போதும். ஏறத்தாழ 30 கிலோமீற்றர் வீதியின் உராய்வையும் ஏனைய இழப்புகளையும் கூட்டினாலும் ஒன்றரை யூனிட் அளவில் அடங்கிவிடும். பெற்றோல் வண்டிக்கோ அரை லீற்றருக்கு மேல் வேண்டும். 2025 ஆம் ஆண்டு விலைப்படி அது ஏறத்தாழ இருநூறு ரூபா. வலிமையான மோட்டாரும் நல்ல தடையும் உள்ள வண்டிக்கு மலை ஒரு தடையன்று.

தடை வேறிடத்தில் இருக்கிறது. லயக் காம்பராவில் குடியிருப்பவர் வண்டியை எங்கே நிறுத்துவார்? எந்தக் கம்பியில் மின்னேற்றுவார்? பழைய கம்பிகள், மரச் சட்டங்கள், தகரக் கூரை. ஒரு காம்பராவில் தீப்பற்றினால் வரிசை முழுவதும் சாம்பலாகும் இடத்தில், இரவு முழுவதும் பற்றரியை மின்னேற்று என்று கூறுவது எவ்வளவு பொறுப்பற்ற செயல்! 1992 முதல் தோட்டங்களை நிர்வகித்து வரும் கம்பனிகள் நிலம் அரசினுடையது என்கின்றன. அரசு நிர்வாகம் கம்பனியினுடையது என்கிறது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர் தம் சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் பிறர் அனுமதியை நாடவேண்டியுள்ளது. வீதிகளின் நிலையோ, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மண்சரிவுகள் பதுளை மாவட்டத்தைச் சிதைத்த பின்னர் சொல்லத் தரமன்று.

அடுத்தது விலை. 2026 வரவு செலவுத் திட்டம் அறிவித்த நாட்சம்பளம், அடிப்படை 1,550 ரூபாவும் வரவுக்கான 200 ரூபாவும் சேர்த்து 1,750 ரூபா. ஒரு சதமும் உண்ணாமல் உடுக்காமல் சேர்த்தாலும், ஒரு லட்சம் ரூபாவுக்கு 57 முழுப்பேருக்கு மேல் வேண்டும். வண்டியின் விலையோ சில லட்சம். ஈடு வைக்கக் காணி இல்லாதவர் லீசிங் கம்பனியிடமே செல்வார். கங்காணியின் கடனோடு தொழிலாளரைக் கட்டிவைத்த ‘துண்டு’ முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதே கட்டு இரு சக்கரங்களோடு மீண்டும் மலையேற நாம் இடமளிக்கலாகாது.

ஆகவே நாம் கேட்பவை இவை. முதலாவதாக, மின்னேற்றும் நிலையங்கள் தேயிலைத் தொழிற்சாலையிலும் கூட்டுறவுக் கடையிலும் பாடசாலையிலும் அமைய வேண்டும். அவை பகலில் இயங்க வேண்டும். 2025 ஏப்பிரல் புத்தாண்டு நாட்களில் மின்சாரம் மிகுந்துவிட்டதென்று, கூரைகளில் சூரியமின் உற்பத்தி செய்வோரை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டது. வேண்டாமென ஒதுக்கப்படும் அந்த நண்பகல் மின்சாரத்தை, கொழுந்து பறிக்கும் நேரத்தில் தொழிற்சாலையில் நிற்கும் வண்டிகளுக்கு மலிவு விலையில் கொடுத்தால் என்ன? இரண்டாவதாக, கூட்டுறவுச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் வண்டிகளை வாங்கி, தோட்டந்தோறும் சில வாரங்கள் இலவசமாக ஓட்டிப்பார்க்கக் கொடுக்க வேண்டும். மூன்றாவதாக, கடன் ஒப்பந்தமும் பற்றரி உத்தரவாதமும் தமிழில் இருக்க வேண்டும். 1987 முதல் தமிழும் அரசகரும மொழி என்பது ஏட்டுச் சுரைக்காயாக இருத்தல் ஆகாது. உரிய அறிவித்தல் இன்றி வண்டியைப் பறிமுதல் செய்வதையும் சட்டம் தடுக்க வேண்டும். நான்காவதாக, சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான பயிற்சியும் பரீட்சையும் தோட்டங்களை நாடி வரவேண்டும். கொழுந்தெடுக்கும் பெண் ஒவ்வொரு முறையும் ஒரு நாட்பேரை இழந்து நகருக்கு அலைய வேண்டுமாயின், அவள் வண்டியோட்டப்போவதில்லை. பிரசவ வலியெடுத்த பெண்ணுக்கும் காய்ச்சலுற்ற குழந்தைக்கும் முச்சக்கர வண்டி தேடி ஓடும் குடும்பங்கள், அவசரச் செய்தி சொல்லவும் மருந்து வாங்கவும் சொந்தமாக ஒரு வண்டி பெறுவது ஆடம்பரமன்று.

படித்த தமிழருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. அயலவர் செய்வதைப் பார்த்தே மனிதர் தம் வழக்கத்தை மாற்றுகின்றனர். பதுளை நகரின் ஆசிரியரும் வைத்தியரும் சட்டத்தரணிகளும் எழுதுவினைஞரும் வீட்டில் மின்னேற்றும் வசதி உடையவர்கள். அவர்கள் முதலில் ஏறட்டும். வெலிமடையில் மரக்கறி பயிரிடும் விவசாயி தம் தோட்டத்துக்கும் சந்தைக்கும் ஓட்டிப் பார்க்கட்டும். ஓட்டியவர்கள் செலவுக் கணக்கையும் பழுதுக் கணக்கையும் ஒளிவுமறைவின்றி ஊராருக்குக் கூறட்டும். பழுது பார்க்கும் தொழிலை எம் இளைஞர் இப்போதே கற்கத் தொடங்கட்டும். வண்டி வந்த பின் ஆள் தேடுவது அறிவுடைமையன்று.

மலையக மக்கள் புதுமைக்குப் பின்வாங்குபவர் அல்லர். காட்டைக் கழனியாக்கியவர்களுக்குப் பழக்கத்தை மாற்றக் கற்றுக்கொடுக்க வேண்டிய தேவை இல்லை. மின்னேற்ற ஓர் இடம், ஓடுவதற்கு ஒரு வீதி, ஏமாற்றாத ஒரு கடன் ஆகிய மூன்றையும் ஆட்சியாளரும் கம்பனிகளும் முதலில் கொடுக்கட்டும். அதன் பின்னரும் எம் மக்கள் மாறாவிட்டால், அப்பொழுது உபதேசிக்கட்டும்.