சட்டம் சொல்வதும் ஆட்கள் சொல்வதும்

"தோட்டத்துக்குள் பிரதேச சபை வேலை செய்ய முடியாது" என்று எவராவது இன்று சொன்னால், அது உண்மையா, அவருடைய கருத்தா?

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு முன்பு தடையாக இருந்தது. 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டு வழி திறந்தது. இவை உண்மைகள்.

"நிதி இல்லை" என்றால் வரவு செலவுத் திட்டத்தைப் பார்த்து உறுதி செய்யலாம். "அந்த மக்களுக்குப் பாதை அவசரமில்லை" என்பதோ வெறும் கருத்து. நாமும் எதிர்க்கருத்துச் சொல்லலாம். இரண்டும் கலந்து வரும்போதுதான், மண்சரிவால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் வாயடைத்துத் திரும்புகின்றன.

ஆகவே, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுத்தில் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவோம்.