துப்பட்டாவின் எடை

ஒரு பெண் தனியாகப் பயணம் கிளம்புகிறாள் என்றதும் அவளுடைய பையை ஊரே திறந்துவிடுகிறது. கோடையில் ராஜஸ்தான் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். மன்னார்குடியிலிருந்து ஜோத்பூருக்கு வாரம் ஒரு ரயில் ஓடுகிறது. அதில் ஏறும் ஆண் நாலு சட்டை, ஒரு லுங்கி, சார்ஜரோடு கிளம்பிவிடுவான். நமக்கு வருவது பட்டியல்: முழுக்கை குர்த்தா, உள்ளே போட ஸ்லிப், கனமான துப்பட்டா இரண்டு, மிளகாய்ப்பொடி, கல்யாணம் ஆனவள் என்று காட்ட ஒரு கவரிங் மோதிரம். வெளிர் நிறம் வேண்டாம், வியர்த்தால் உள்ளே தெரியும்.

இதில் எவ்வளவு வெயிலுக்காக? ஜோத்பூருக்கு வடக்கே ஃபலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்த வெயிலில் உடம்பை மூடுவது அறிவுதான். அங்கே ஆண்களும் மீட்டர் கணக்கில் துணியைத் தலையில் சுற்றுகிறார்கள். அதை யாரும் அடக்கம் என்று சொல்வதில்லை. தொளதொளப்பான பருத்தி, வெளிர் நிறம், காற்றுப் போக இடம். வெயில் கேட்பது இவ்வளவே. ஆண்களின் பார்வைக்காகக் கேட்கப்படுவதோ இன்னோர் அடுக்கு, தடித்த துணி, அடர் நிறம். வியர்வை ஆறாமல் உடம்பு கொதிக்க இதுவே போதும். ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டையும் ‘அங்கெல்லாம் மூடிக்கிட்டுதான் போகணும்’ என்ற ஒரே பேச்சில் மடித்து நம் பைக்குள் திணிக்கிறார்கள்.

பட்டியலில் தண்ணீர் பாட்டில் உண்டு. குடித்த தண்ணீரை எங்கே இறக்குவது என்பது இல்லை. நீண்ட பேருந்துப் பயணம் என்றால் நம்மில் பலர் காலையிலேயே தண்ணீரை நிறுத்திவிடுகிறோம். பள்ளிக்கூடக் கழிப்பறை கற்றுக்கொடுத்த பழக்கம் அது. வண்டி நின்றால் ஆண்கள் சாலையோரம் போய் நிற்கிறார்கள். நாம் அடக்கிக்கொள்கிறோம். குடிக்காமலும் கழிக்காமலும் இருந்தால் சிறுநீர்ப் பாதைத் தொற்று வரும். 45 டிகிரியில் குடிக்காமல் இருந்தால் உயிருக்கே ஆபத்து. எவனோ ஏதோ செய்துவிடுவான் என்ற பயத்துக்கு நாலு பொருள் எடுத்துவைக்கச் சொல்பவர்கள், நாள்தோறும் நடக்கும் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. கழிப்பறை கட்டுவது அரசின் செலவு, துப்பட்டா நம் செலவு.

அரசே பட்டியல் போட்டதும் உண்டு. 2016 ஆகஸ்டில் மத்திய சுற்றுலா அமைச்சராக இருந்த மகேஷ் சர்மா, வெளிநாட்டுப் பெண்கள் குட்டைப் பாவாடை அணிய வேண்டாம், சிற்றூர்களில் இரவில் தனியாகச் சுற்ற வேண்டாம் என்றார். எதிர்ப்பு வந்ததும், வழிபாட்டுத் தலங்களைப் பற்றித்தான் சொன்னதாக விளக்கினார். வடக்கே அப்படித்தான் என்று நாம் சிரிக்கவும் முடியாது. அதே ஆண்டு ஜனவரியில்தான் தமிழகக் கோயில்களில் நீதிமன்ற உத்தரவால் உடைக் கட்டுப்பாடு வந்தது, அந்த மாதமே அதற்குத் தடையும் வந்தது.

துணி காக்கும் என்றால், காக்ராவும் ஓட்னியுமாக மூடி வாழும் ராஜஸ்தான் கிராமத்துப் பெண்களை அல்லவா முதலில் காத்திருக்க வேண்டும்? பன்வாரி தேவி அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் ஊழியர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார். 1992இல் தன் ஊரிலேயே கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அவருக்கு நடந்ததை முன்வைத்துப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் 1997இல் விசாகா நெறிமுறைகள் கிடைத்தன. எந்தத் துப்பட்டாவும் வாங்கித் தராத பாதுகாப்பு அது.

மோதிரம் போடுபவரை நான் குறை சொல்லமாட்டேன். இல்லாத கணவனுக்குக் கிடைக்கும் மரியாதை எதிரில் நிற்கும் நமக்குக் கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

எனவே தோழி, பையில் பாக்கெட் வைத்துத் தைத்த பருத்திக் குர்த்தாக்களை வையுங்கள். தையல்காரரோடு சண்டை போட்டாவது பாக்கெட் வாங்குங்கள். ஓஆர்எஸ் பொட்டலங்கள். நின்றபடி சிறுநீர் கழிக்க உதவும் புனல். மெல்லிய மல் துணி ஒன்று, நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள. பேருந்து ஏறுமுன் வயிறாரத் தண்ணீர் குடியுங்கள். வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். நடத்துநர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.