யாருடைய துறைமுகம்?

இலங்கையில் யுத்தம் 2009-ல் ஓய்ந்தது. பிறகு கொழும்புத் துறைமுகத்தைச் 'சீர்திருத்த' முதலாளிகள் வரிசையாக வந்தனர். கிழக்கு முனையத்தில் அதானி கம்பெனிக்கும் பங்கு தர சர்க்கார் முனைந்தபோது துறைமுகத் தொழிற்சங்கங்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்தன. 2021 பிப்ரவரியில் சர்க்கார் பணிந்தது. மகத்தான வெற்றி!

அதே செப்டம்பரில் மேற்கு முனையம் 35 ஆண்டுகளுக்குக் கைமாறியது. அதானிக்கு 51 சதவீதம், உள்ளூர் ஜான் கீல்ஸுக்கு 34, துறைமுக அதிகார சபைக்கு 15. முனையம் கட்டும் பணம் கம்பெனிகளுடையது, மெய்தான். ஆனால் கடலை அடக்கிய அலைதாங்கி? ஆசிய வளர்ச்சி வங்கியிடம் கடன்பட்டு மக்கள் கட்டியது. நிலத்துக்காரனுக்கு 15, குத்தகைக்காரனுக்கு 85! எந்தப் பண்ணையாராவது நமக்கு இப்படிக் குத்தகை எழுதித் தந்ததுண்டா?

2025 ஏப்ரலில் அங்கே வேலை தொடங்கிவிட்டது. அங்குள்ள தொழிலாளிக்குச் சங்க உரிமையும் நிரந்தர வேலையும் உறுதி செய்யப்பட வேண்டும். வரவு செலவுக் கணக்கு அவர்கள் முன் வைக்கப்பட வேண்டும்.