உழைக்க வந்தவர்க்கு இழிபெயரா?

கும்மிடிப்பூண்டியிலிருந்து தேர்வாய் கண்டிகை செல்லும் வழியில், தொழிலாளர் முறைமாறும் பொழுதில், ஒரு தேநீர்க் கடையருகே சற்று நின்று பாருங்கள். சிப்காட் தொழில்வளாகத்தினின்று களைத்துத் திரும்புவோருள் பீகாரினின்றும் ஒடிசாவினின்றும் மேற்கு வங்கத்தினின்றும் அசாமினின்றும் வந்தவர்கள் பலர். பெற்றோர் இட்ட பெயர் அவர்கள் ஒவ்வொருவர்க்கும் உண்டு. ஆயினும் அவர்தம் காதில் விழுவது ‘ஏ, வடக்கா!’ என்னும் விளியே. கண் சிறுத்து, மூக்குத் தாழ்ந்திருப்பின் ‘சப்பை மூக்கன்’, ‘சீனாக்காரன்’ என்னும் பட்டங்களும் கூடும். ஒரு மிதிவண்டி காணாமற் போனால் முதல் ஐயம் அவர்கள் மீதே எழும்.

இவ்வாறு அழைப்போர் அனைவரும் கொடியவர் அல்லர்; சொல்லின் பொருளை எண்ணிப் பாராதவர். ஆனால், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்து ஆளும் தனித்தமிழன்பர்களாகிய நாம், இச்சொற்களையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

கூலி என்பது தூய தமிழ்ச்சொல். செய்த உழைப்புக்குப் பெறும் ஈடு என்பதே அதன் பொருள்; அதில் இழிவொன்றும் இல்லை. அச்சொல்லின் சாயலிலேயே வெள்ளையர் ஓர் இழிபெயரை வழங்கினர். 1860 நவம்பர் 16ஆம் நாள், சென்னையில் கப்பலேறியோர் நேட்டாலின் தர்பன் துறையில் ஒப்பந்தத் தொழிலாளராய்க் கரையிறங்கினர். கரும்புத் தோட்டத்தில் உழைத்த அவர்க்கு இட்ட அப்பெயர், அவர்தம் மக்களுக்கும் பேரர்க்கும் நீங்காப் பெயராயிற்று. தென்னாப்பிரிக்காவில் காந்தியாரையும் ‘கூலி வழக்குரைஞர்’ என்றே ஏளனஞ் செய்தனர். தமிழர்க்கும் சீனர்க்கும் வேறுபாடு காணாமல், ஆசிய உழைப்பாளர் அனைவரையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடைத்தனர். இழிபெயர் சட்டமாகவும் மாறியது. அமெரிக்கா 1882இல் சீனத் தொழிலாளர் நாட்டினுள் நுழைவதையே தடுத்தது.

மலேசியத் தமிழர் ‘கெலிங்’ என்னும் ஏச்சை இன்றும் கேட்கின்றனர். மும்பையில் 1966இல் தோன்றிய சிவசேனை, தென்னாட்டார் அனைவரையும் ‘மதராசி’ என்று ஒன்றாய்க் கட்டி, வேலையைப் பறிக்க வந்தவர் என்று தூற்றியது. இலங்கையின் மலையகத் தமிழர் ‘கள்ளத்தோணி’ எனப்பட்டனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அம்மக்களைத் ‘தோட்டக்காட்டான்’ என்று இகழ்ந்தவர் யார்? தமிழரேதாம்! இதனை மறைத்துப் பயனில்லை.

அண்மைக் காலமும் மாறிவிடவில்லை. 2014 சனவரியில், தில்லிக் கடைத்தெருவில் தம் தோற்றத்தை ஏளனஞ் செய்தோரைத் தட்டிக் கேட்ட அருணாசல மாநில மாணவர் ஒருவர் தாக்குண்டு மாண்டார். 2020இல் கொள்ளைநோய் பரவியபோது மேலை நாடுகளில் கீழையாசிய முகத்தினர் தெருவில் தாக்கப்பட்டனர். இந்திய நகரங்களில் வடகிழக்கு மாநிலத்தார் ‘கொரோனா’ என்று ஏசப்பட்டனர்.

‘எம் வெறுப்பு இந்திக்காரர் மீதுதான்’ என்பர் நம்மவருட் சிலர். இங்கேதான் பெரும்பிழை உள்ளது. ஒடியாவும் வங்காளமும் இந்தியல்ல. பீகாரியரின் மொழிகளோ போசுபுரி, மகதி, மைதிலி முதலியன. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு, இந்தி பேசுவோர் ஏறத்தாழ 52.8 கோடியர் என்கிறது. அவருள் இந்தி என்றே தம் தாய்மொழியைப் பதிந்தோர் ஏறத்தாழ 32 கோடியரே. போசுபுரி என்று சொன்ன 5 கோடியரும், மகதி என்று சொன்ன 1 கோடிக்கு மேற்பட்டோரும், இவர் போன்ற பிறரும் இந்திக் கணக்கில் சேர்க்கப்பட்டனர். மைதிலியும் சந்தாலியும் அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. இம்மக்களே இந்தி வல்லாண்மையால் தம் தாய்மொழியின் பெயரை இழந்தவர்கள்! தேநீர்க் கடையில் நின்று அவரை ‘இந்திக்காரன்’ என்பவர், தில்லி செய்யும் வேலையையே கூலியின்றிச் செய்கிறார்.

தேர்வாய் கண்டிகை மக்களுக்குக் குறையில்லை என்று நாம் கூறவில்லை. ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் தொழில்வளாகத்திற்கென எடுக்கப்பட்டபோது, மேய்ச்சல் நிலமும் காடும் போகின்றனவே என்று அவ்வூர் ஒடுக்கப்பட்ட மக்கள் போராடினர். நிலம் தந்த ஊரார்க்கு வேலையில் முதலுரிமை வேண்டும் என்பது அறமே. ஆனால் அந்நிலத்தை எடுத்தவர் பீகார்த் தொழிலாளரா? குறைந்த ஊதியத்திற்கு ஆளெடுக்க முடிவு செய்தவர் அவரா? வழக்கைத் தொடுக்கவேண்டிய இடம் வேறு. நாம் கல்லெறியும் இடம் வேறு.

வெளிமாநிலத் தொழிலாளர்க்கு உள்ளூரார்க்குக் குறையாத கூலி தரவேண்டும் என்று 1979ஆம் ஆண்டே சட்டம் இயற்றப்பட்டது. அது 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் அடக்கப்பட்டது. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது. நிகரான கூலி அவர்க்குக் கிடைக்குமாயின், அவரைக் காட்டி உள்ளூர் இளைஞரின் கூலியைக் குறைக்க எந்த ஒப்பந்தக்காரராலும் இயலாது. ஆகவே அவர்தம் உரிமைக்குப் போராடுதல் நம் உரிமைக்குப் போராடுதலே ஆகும்.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகாரியர் கொல்லப்படுவதாகப் பொய்ப்படங்கள் பரப்பப்பட்டன. பொய் என்று நாம் நெஞ்சு நிமிர்த்திச் சொன்னோம். ஆனால் 2025 திசம்பரில், இதே திருவள்ளூர் மாவட்டத்துத் திருத்தணியில், வெளிமாநில இளைஞர் ஒருவரைச் சிறுவர் சிலர் அரிவாளால் வெட்டி, அக்கொடுமையைப் படமெடுத்துப் பரப்பினர். காரணம் எதுவாயினும், அப்படத்தைக் கண்டு தமிழர் நெஞ்சு குனியாதிருக்க முடியுமா? பகைவர் புனைந்த பொய்யை நாமே மெய்யாக்கித் தரலாமா?

கும்மிடிப்பூண்டியிலேயே ஈழத்தமிழர் வாழும் முகாம் உள்ளது. ‘அகதி’ என்னும் பெயர் அவரைப் புண்படுத்துகிறது என்றுணர்ந்த தமிழ்நாட்டரசு, 2021இல் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றியது. பெயரால் மட்டும் வாழ்வு மாறிவிடாது. எனினும் பெயர் புண்படுத்தும் என்பதை அரசே ஒப்பிய நிகழ்ச்சி அது. நம்மவர்க்கு உண்மையாவது பிறர்க்குப் பொய்யாகுமோ?

தமிழன்பர்களே! நம் பகை மொழித் திணிப்போடு. பசித்து வந்தவரோடு அன்று. தேர்வாய் கண்டிகைக்கு வரும் உழைப்பாளரிடம் முதலில் அவர் பெயரைக் கேளுங்கள். பின்னர் அவர் தாய்மொழியின் பெயரைக் கேளுங்கள். பொறுமையாய் அவர்க்குத் தமிழ் கற்பியுங்கள். அவர்தம் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியிற் சேர்க்க உதவுங்கள். கூலி என்னும் நம் சொல் மீண்டும் உழைப்பின் ஈடு என்னும் பொருளை மட்டுமே தரட்டும். இழிபெயர் சுமந்து கடல் கடந்த இனம் பிறர் தலையில் இழிபெயர் ஏற்றலாகாது.