பாயில் எழுதப்படும் பெயர்



நம் தண்டலத்தில் கடல் இல்லை. காலையும் மாலையும் இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் ஆட்களை ஏற்றிச் செல்லும் ஷிப்ட் பேருந்துகளே நம் சாலையில் புரளும் அலைகள். ஆயினும் இந்த வாரம் ஒரு கடல் விளையாட்டைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். ஒருவனைத் தாங்குகிறவர் எதற்காகத் தாங்குகிறார் என்ற கேள்வி அதில் தெளிவாக எழுகிறது. அந்தக் கேள்வி நமக்கும் உரியது.

பாய் கட்டிய பலகையின்மேல் நின்று, காற்றைக் கையில் பிடித்துக் கடலில் விரைவது விண்ட்சர்ஃபிங். 1984-ஆம் ஆண்டு முதல் அது ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெறுகிறது. கடற்கரையே இல்லாத மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த இபாத் அலி, 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இதில் வெண்கலம் வென்றார். ஆகவே, கடல் தொலைவில் இருப்பது தடையன்று. செலவே பெரிய தடை. பலகை, பாய், பாய்மரம், அவற்றை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லும் கூலி, பயிற்சியாளர் சம்பளம் என்று அது நீளும். போட்டி விதி மாறினாலோ சேர்த்துவைத்ததும் பயனற்றுப்போகும். டோக்கியோ ஒலிம்பிக் வரை ஆர்.எஸ்.எக்ஸ் என்ற வகைப் பலகை இருந்தது. 2024-இல் பாரிஸில், அடியில் இறக்கை போன்ற தகடு பொருத்தி நீருக்கு மேலே எழும்பி ஓடும் ஐக்யூஃபாயில் வகை வந்தது. பழைய பலகையை வைத்துக்கொண்டு அந்தப் போட்டிக்குப் போக முடியாது.

இங்கேதான் ஸ்பான்சர் வருகிறார். தொழில்முறை வீரருக்கு அவர் ஊதியமும் பயணச் செலவும் கொடுப்பார். பதிலுக்குத் தம் பெயர் பாயில் தெரிய வேண்டும், படங்களில் வர வேண்டும், போட்டி நிறுவனத்தின் பொருளைத் தொடக்கூடாது என்பார். இது ஒப்பந்தம், இதில் தவறில்லை. வேலையாள் கூலிக்குப் பாத்திரன் என்பதை நாம் அறிவோம். தொழில்முறையல்லாத, விருப்பத்திற்காக ஆடுகிறவனுக்கோ பெரும்பாலும் விலையில் சிறிது தள்ளுபடியோ, சென்ற ஆண்டுப் பலகையோதான் கிடைக்கும். அவனுடைய மெய்யான ஸ்பான்சர்கள் வேறு யாரோ அல்லர்: நகையை அடகு வைத்த தாய், தன் ஷிப்டை மாற்றிக் கொடுத்த நண்பன், போட்டி நாளில் விடுப்புத் தந்த மேற்பார்வையாளர். அவர்களுடைய பெயர் எந்தப் பாயிலும் எழுதப்படுவதில்லை.

நம் நாட்டுச் சட்டமே இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டும். கிராமிய விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டு ஆகியவற்றுக்கான பயிற்சியும் அதில் அடங்கும். ஆனால் தம் பொருளுக்கு விளம்பரம் தேடி அளிக்கும் ஸ்பான்சர் தொகை அந்தக் கணக்கில் சேராது என்று 2021-இல் திருத்தப்பட்ட விதிகள் கூறுகின்றன. நம்மில் பலர் வேலை செய்யும் தொழிற்சாலைகள் இந்தச் சட்டத்திற்கு உட்பட்டவை. வாணிபம் வேறு, கொடை வேறு என்று சட்டப்புத்தகம் உணர்ந்திருக்கும்போது, நம் மனச்சாட்சி அதை உணராதிருக்கலாமா?

நம் முன்னோரும் இதை அறிந்திருந்தார்கள். அதியமான் தன்னை நேரில் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பியபோது, புலவர் பெருஞ்சித்திரனார் அதை ஏற்க மறுத்தார் என்பதைப் புறநானூறு காட்டுகிறது. பொருள் அவருக்குத் தேவைப்படாமலில்லை. புரவலன் தன்னைப் பார்க்க வேண்டும், தன் தகுதியை அறிய வேண்டும் என்பதே அவர் வேண்டுகோள். கொடுப்பதற்கு முன்னே காண வேண்டும்.

கோவளத்தில் இது நடந்தது. மீனவரான மூர்த்தி மேகவன் தம் குப்பத்துப் பிள்ளைகளுக்கு அலைச்சறுக்கு கற்பித்து வந்தார். தாமும் விண்ட்சர்ஃபிங் விளையாடுபவரான தொழிலதிபர் அருண் வாசு அவருக்குத் துணைநின்றார். 2012-இல் அங்கே ஒரு பயிற்சிப் பள்ளி எழுந்தது. பதக்கம் வந்தபின் மாலையோடு வந்த ஆதரவு அல்ல இது; ஆளைப் பார்த்து, அலையைப் பார்த்து, முன்னதாக வந்த ஆதரவு.

தொழில்முறை வீரருக்கோ, தோல்விக்குப் பின்னும் நிலைத்திருக்கும் ஆதரவு தேவை. வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் பாய்மரப் படகு வீரர். இந்திய இராணுவத்தைச் சேர்ந்தவர். டோக்கியோவில் 20-ஆம் இடம், பாரிஸில் 18-ஆம் இடம். விளம்பரக் கணக்கர் இந்த எண்களைப் பார்த்து முகம் சுளிக்கலாம். ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவில் அவர் ஆசியப் போட்டியில் வெண்கலம் வென்றார். முதல் ஒலிம்பிக் முடிந்தவுடன் கைவிடப்பட்டிருந்தால் அந்தப் பதக்கம் ஏது?

அப்போஸ்தலனாகிய பவுல் இரு நிலைகளையும் அறிந்தவர். கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்து தம் கைகளாலே பிழைத்தார். பிலிப்பி சபையார் அனுப்பிய உதவியையோ மகிழ்ச்சியோடு ஏற்றார். அவர்கள் அவரை அறிந்திருந்தார்கள், அவருடைய குறைவிலும் உடன் நின்றார்கள். ஆகையால் அந்த உதவி அவரை அடிமையாக்கவில்லை.

ஆகவே உங்களை வேண்டிக்கொள்கிறேன். நம் தெருவில் ஓடுகிற, நீந்துகிற, பந்தடிக்கிற பிள்ளை ஒருவனை அடையாளம் காணுங்கள். மாவட்ட அணியில் பெயர் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திராதீர்கள். ஒரு ஜோடி காலணி இப்போதே வாங்கிக் கொடுங்கள். அவன் தோற்றுவரும் நாளில் கணக்குக் கேளாதீர்கள். பனியனில் உங்கள் கடையின் பெயரை அச்சிட வேண்டுமென்று விரும்பினால், அதை வியாபாரம் என்றே சொல்லுங்கள். தர்மம் என்று சொல்லாதீர்கள்.

ஒலிம்பிக் களத்தில் பாயின்மேல் கருவி செய்தவரின் குறி இருக்கலாம். பணம் கொடுத்தவரின் பெயர் இராது. நாட்டின் அடையாளமே இருக்கும். வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கக் கற்ற நமக்கு, பெயரில்லாத அந்தப் பாய் அந்நியமானதன்று. அதை நிறைக்கும் காற்றும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கர்த்தருடைய சமாதானம் உங்களோடிருப்பதாக.