வெளிப்பெட்டிக்குப் பக்கத்தில ஒரு ஆள் நிற்க இடம் வையுங்கோ

போன சித்திரை வெயிலுக்குள்ள எங்கட வீட்டு ஏசி காத்து மட்டும்தான் தந்தது. குளிர் இல்லை. அப்பா உள்ளே இருக்கிற ஃபில்டரை இரண்டு தரம் கழற்றிக் கழுவிப் பார்த்தார். சரிவரேல்லை. பிறகு ஆளைக் கூப்பிட்டோம். வந்த பொடியனுக்கு இருபது வயதுதான் இருக்கும். "அவுட்டோர் எங்க பூட்டியிருக்கு?" எண்டுதான் முதல் கேட்டான்.

அது மேல்மாடிச் சுவரில், வீதிக்குத் தெரியாத பக்கம் இருந்தது. எங்கட ஏணி எட்டாது. அவன் மொட்டைமாடியால இறங்கி, ஒன்றரை அடிச் சன்ஷேட்டில நின்று, ஒரு கையால யன்னல் கம்பியையும் மற்றக் கையால ஹோஸையும் பிடித்தான். கீழ நின்று அம்மா "கவனம் தம்பி, கவனம்" எண்டு சொல்லிக்கொண்டே இருந்தா. தண்ணி பட்டதும் சேறு வழிந்தது. மூன்று வருஷச் சோளகம் கொண்டுவந்த புழுதி, சிலந்தி வலை, குளவிக்கூடு.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கிற சூட்டை எடுத்துக்கொண்டுபோய் வெளியில் விடுகிறது. அந்தச் சூடு வெளியேறுவது வெளிப்பெட்டியின் மெல்லிய அலுமினியத் தகடுகள் வழியாக. அதுக்குள்ள புழுதி அடைத்தால் கொம்ப்ரசர் கூட நேரம் ஓடும், கூடக் கரண்ட் இழுக்கும். எங்கட நாட்டில் பாவிக்கிற அலகு கூடக்கூட, அலகொன்றின் விலையும் ஏறும். கடற்கரைப் பக்கம் எண்டால் உப்புக்காற்று தகடுகளையே அரித்துவிடும்.

கைக்கு எட்டினால் இது சின்ன வேலை. மெயினை நிறுத்துங்கோ. சுற்றியுள்ள குப்பையை எடுத்துவிட்டு, மெல்லிய பிரஷால தட்டி, தோட்டத்து ஹோஸால மெதுவாகக் கழுவுங்கோ. கார் கழுவுற பிரஷர் மெஷின் வேண்டாம், தகடு மடங்கிப் போகும். மூடியையும் கழற்றாதேங்கோ. மெயினை நிறுத்தின பிறகும் உள்ளே கப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும். அது பழகின ஆளின் வேலை.

ஆனால் கைக்கு எட்டவேணுமே. ஏசி வாங்கும்போது விலை கேட்கிறோம், இன்வெர்ட்டரா எண்டு கேட்கிறோம். "இதைக் கழுவுற ஆள் எங்க நிற்பார்?" எண்டு ஒருத்தரும் கேட்பதில்லை. கீழே வைத்தால் களவு போகும், வெள்ளம் வரும், வீட்டின் வடிவு கெடும் என்பார்கள். கம்பிக்கூடு அடிக்கலாம், காத்துப் போக இடம் விட்டு. உயரமாகக் கொங்கிரீட் மேடை கட்டலாம். வடிவு கெடும் என்ற காரணத்துக்காக மட்டும் இன்னொரு வீட்டுப் பிள்ளையைச் சன்ஷேட்டில ஏற்ற எங்களுக்கு என்ன உரிமை இருக்கு?

கொழும்பு மாடிவீடுகளில் இடத்தைத் தெரிவுசெய்ய ஏலாது எண்டால், பெரிய ஏணியும் இடுப்புப் பட்டியும் இல்லாமல் ஏறவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. அதுக்கான காசையும் நீங்களே குடுங்கோ. ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

"தெரியாமப் பூட்டச் சொன்னது நான்தான்" எண்டு அப்பா அண்டைக்கு இரவு சொன்னார். அடுத்த மாதம் காசு குடுத்து அதைப் பல்கனி மூலைக்கு மாற்றினோம். இப்ப நான்தான் கழுவுறன், பதினைந்து நிமிஷ வேலை. வீதியால போறவைக்கு அந்தப் பெட்டி நல்லாத் தெரியுது. தெரியட்டும்.